சார்ஜரைக் கழற்றுவதா, விட்டுவைப்பதா? நெல்லை வெக்கையும் லேப்டாப் பேட்டரியும்

“நூறு ஏறினதும் வயரைக் கழத்திருங்க அண்ணாச்சி, இல்லேன்னா பேட்டரி உப்பிரும்” என்று ஒரு சர்வீஸ் கடையில் சொல்வார்கள். நாலு கடை தள்ளிப் போனால், “இப்ப வர்றதெல்லாம் தானா நிறுத்திக்கிடும், செருகியே போடுங்க, ஒண்ணும் ஆவாது” என்பார்கள். பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ லேப்டாப் வாங்கியவர்கள் பலருக்கும் இந்த இரண்டு அறிவுரையும் கிடைத்திருக்கும்.

இந்தக் குழப்பம் இனி இன்னும் பல வீடுகளுக்குப் போகப் போகிறது. 2011-ல் பள்ளி மாணவர்களை முன்வைத்துத் தொடங்கியது விலையில்லா மடிக்கணினித் திட்டம். தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தது. பீடி சுற்றும் வீட்டிலும், வாழைத்தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீட்டிலும் முதல் கணினி இப்படித்தான் நுழைகிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு அந்த வீடுகளில் முன்னனுபவம் கிடையாது. கடைக்காரர் சொல்வதே வேதம்.

இரண்டு கடைக்காரர்கள் சொல்வதிலும் பாதி சரி. இருவரும் சொல்லாமல் விடுவது வெக்கையை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அதைக் கணக்கில் சேர்க்காமல் எந்த அறிவுரையும் முழுமையாகாது.

பேட்டரிக்குள் இருப்பது என்ன

லேப்டாப், செல்போன் இரண்டிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு செல்லுக்குள் ஒரு பக்கம் கிராஃபைட் கரி. மறுபக்கம் கோபால்ட், நிக்கல் போன்றவை சேர்ந்த உலோக ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே, லித்தியம் உப்பு கரைந்த, எளிதில் தீப்பிடிக்கக்கூடிய ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பித் திரவத்தைக் கடந்து கிராஃபைட்டுக்குள் புகுந்துகொள்ளும். பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்பும். செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுதாக நிறைந்த நிலையில் பெரும்பாலும் 4.2 வோல்ட், சில வகைகளில் இன்னும் சற்றுக் கூடுதல்.

இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தால் பேட்டரி சாகவே கூடாது. சாவதற்குக் காரணம், வேலைக்கு நடுவே நடக்கும் இரண்டு வேண்டாத வினைகள்.

1. கிராஃபைட்டின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல ஒரு படலம் உருவாகும். முதல் சார்ஜிலேயே இது வந்துவிடும். வரத்தான் வேண்டும், கிராஃபைட்டுக்குப் பாதுகாப்பே அதுதான். ஆனால் அது வளர்வது நிற்பதில்லை. வளர வளரக் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுகொண்டே போகும். தின்ற லித்தியம் திரும்பி வராது. ‘முன்னெல்லாம் நாலு மணி நேரம் நின்னுது, இப்ப ரெண்டுகூட நிக்கல’ என்பதன் உள்விவரம் இவ்வளவுதான்.

2. மறுபக்கத்தில், மின்னழுத்தம் உச்சியில் நிற்கும்போது திரவம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு முதலான வாயுக்களை வெளிவிடும். பழைய லேப்டாப்புகளில் இருந்தவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் குப்பிகள். வாயு சேர்ந்தாலும் வெளியே தெரியாது. இன்றைய மெல்லிய லேப்டாப்புகளில் இருப்பதோ அலுமினியத் தாளால் ஆன தட்டைப் பைகள். வாயு சேர்ந்தால் பை ஊதும். கடைக்காரர் ‘உப்பிருச்சு’ என்பது இதைத்தான்.

வெப்பமும் நிறைவும்

மேலே சொன்ன இரண்டு வினைகளையும் முடுக்கிவிடுபவை முக்கியமாக இரண்டு: வெப்பம், நிறைவு. நிறைவு என்றால் பேட்டரி நூறு சதவீதத்தில் நின்றுகொண்டிருப்பது. வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் உத்தேசக் கணக்கு, 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது. பேட்டரியும் இதற்கு விலக்கில்லை.

பேட்டரித் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை உண்டு. பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஓராண்டு சும்மா வைத்திருந்தால் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சும் என்று அது சொல்கிறது. 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் நூறு சதவீதச் சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால், 40 சதவீதச் சார்ஜில் 85 மிஞ்சும். 40 டிகிரி வெப்பமும் நூறு சதவீதச் சார்ஜும் சேர்ந்தால் 65 தான்.

கடைசி எண்ணை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு தடவைகூடத் திறக்காமல், அலமாரியில் வைத்திருந்தே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ‘நான் அதிகமா யூஸ் பண்ணவே இல்லையே, எப்படிப் பேட்டரி போச்சு’ என்று கேட்பவர்களுக்கு அந்த 65 தான் பதில்.

35 டிகிரிக் கோடு

லேப்டாப்போடு வரும் விவரத்தாளைக் கடைசிவரை படிப்பவர்கள் குறைவு. அதன் அடியில், இயங்குவதற்கு ஏற்ற சுற்றுப்புற வெப்பம் என்று ஒரு வரி இருக்கும். ஆப்பிள் மேக்புக்குக்கு 10 முதல் 35 டிகிரி. டெல், லெனோவோ முதலியவற்றின் பல மாடல்களிலும் மேல் எல்லை அதே 35 தான்.

நம்மூரில் பங்குனி தொடங்கியதும் நிழலிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். சென்னையில் கத்திரி முடிந்தால் மெல்ல இறங்கும் என்ற நம்பிக்கையாவது உண்டு. பாளையங்கோட்டையில் அதுவும் கிடையாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரல் கிடைக்கிறது. பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் நெல்லைக்கு வந்து சேர்வது, மலையிலிருந்து இறங்கி உலர்ந்து சூடேறிய காற்று மட்டுமே. ஆனி, ஆடியிலும் இங்கே 37, 38 டிகிரி சாதாரணம்.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தட்டட்டி, இரவு பத்து மணிவரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். வெளியே காற்று ஆறிவிட்டாலும் மச்சு அறை ஆறாது. படிக்கிற பிள்ளைக்கு ஒதுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்த மச்சு அறைதான். ஓட்டு வீட்டுப் பட்டாசல் (கூடம்) இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

வேலை செய்துகொண்டிருக்கும் லேப்டாப்பின் உட்புறம் அறையைவிட எளிதாகப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 25 டிகிரி என்றால் பேட்டரி 35-ல் நிற்கும், தாங்கிக்கொள்ளலாம். அறை 38 என்றால் பேட்டரி 48-ஐ நெருங்கும். அதே மாடல் லேப்டாப் குளிர்சாதன அலுவலகத்தில் ஐந்தாண்டு ஓடுவதும், மேலப்பாளையத்து மாடியில் இரண்டாம் ஆண்டே மூச்சு வாங்குவதும் இந்த வேறுபாட்டால்தான். பெட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

சார்ஜர் கேள்விக்குப் பதில்

இப்போது கடைக்காரர்களிடம் திரும்பலாம்.

1. அதிகச் சார்ஜ் ஏறி வெடிக்கும் என்பது சரியல்ல. நல்ல நிலையில் உள்ள எந்த லேப்டாப்பிலும், செல் உச்ச மின்னழுத்தத்தை எட்டியதும் உள்ளிருக்கும் சுற்று மின்னோட்டத்தைக் குறைத்துக் கடைசியில் நிறுத்திவிடும். ‘தானா நிறுத்திக்கிடும்’ என்பவர் சொல்வது இதுவரை உண்மை.

2. ஆனால் நிறுத்துவது நூறில். நாள் முழுக்கச் செருகியே இருந்தால் பேட்டரி நாள் முழுக்க நூறில் நிற்கும், கூடவே வெக்கை. அட்டவணையில் பார்த்த 65-க்கான நிலைமை அதுவே. உப்பும் என்று எச்சரிப்பவரின் அனுபவம் இங்கிருந்து வருகிறது. அவர் சொல்லும் காரணம் பிழை, கண்ட விளைவு நிஜம்.

3. அப்படியானால் நூறு ஏறியதும் கழற்றி, பத்துக்கு இறங்கும்வரை ஓட்டி, மறுபடி ஏற்றுவதா? அதிலும் தேய்மானம் உண்டு. பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுவரை (முழுச் சார்ஜையும் தீர்த்து மறுபடி நிரப்புவது ஒரு சுற்று) நன்றாக உழைக்கும். ஆப்பிள் போன்றவர்கள் 1,000 என்கிறார்கள். தினம் ஒரு சுற்று என்றால் 300 என்பது பத்தே மாதம்.

4. ஆகவே மூன்றாவது வழி. சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி எல்லை வைத்துவிட்டு, செருகியே விட்டுவிடலாம். சுற்றும் வீணாகாது, நிறைவும் இல்லை.

இந்த எல்லையை வைக்கும் வசதி இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் இருக்கிறது. விற்கிற கடையில் அதைக் காட்டித் தரும் வழக்கம் இல்லாததுதான் குறை. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் ‘கன்சர்வேஷன் மோட்’. ஏசூஸில் மைஏசூஸ் செயலிக்குள் பேட்டரி பராமரிப்புப் பிரிவு. ஏசரில் கேர் சென்டர். எச்பியிலும் டெல்லிலும் பல மாடல்களுக்கு, லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் பேட்டரிப் பிரிவில் இருக்கும். டெல்லில் பெரும்பாலும் மின்சாரத்தில் பயன்படுத்துபவர் என்று ஒரு தேர்வே உண்டு. மேக்புக் உங்கள் பழக்கத்தைக் கவனித்துத் தானே 80-ல் நிறுத்திவைக்கப் பார்க்கும். வெளியூர்ப் பயணம் இருந்தால் முந்தின இரவு எல்லையை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொண்டால் போயிற்று. எப்போதாவது நூறு ஏற்றுவது குற்றமில்லை.

எல்லை வைக்கும் வசதியே இல்லாத பழைய லேப்டாப்பா? எண்பதைக் கண்டதும் கழற்றி, முப்பது நாற்பதில் மறுபடி செருகுங்கள். கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியதில்லை, உத்தேசமாகச் செய்தாலே பலன் உண்டு.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மதிய வேளையில் திரையின் மூலையில் ‘செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை’ என்ற அறிவிப்பு வரும். உடனே சார்ஜர் போய்விட்டது என்று ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள். லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பம் பொதுவாக 0 முதல் 45 டிகிரி. அதற்கு மேல் போனால் பல லேப்டாப்புகள் ஏற்றுவதைத் தாமே நிறுத்திவைக்கும். எல்லை வைத்திருந்தாலும் இதே அறிவிப்பு வரும். பெட்டியை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.

முதல் நாள் எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும், மாதம் ஒருமுறை முழுக்கக் காலியாக்க வேண்டும் என்பவையெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரைகள். பேட்டரி மாறி முப்பது ஆண்டாகிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள், லேப்டாப்பை முழுச் சார்ஜோடு மச்சு அறை பீரோவில் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். பாதிச் சார்ஜில் முழுதாக அணைத்து, கீழ்த்தளத்தில் வைத்துவிட்டுப் போங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் மட்டும் மெதுவாகும் லேப்டாப்

காலையில் ஆறு மணிக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் லேப்டாப், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கோப்பைத் திறக்கவே திணறும். ‘வைரஸா இருக்கும்’ என்று ஃபார்மட் அடித்துத் தருவார்கள். வேலை முடித்துக் கொடுக்கும்போது மாலையாகியிருக்கும், வெப்பமும் இறங்கியிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும். மறுநாள் மத்தியானம் பழைய கதை.

நடப்பது இது. கணக்கெல்லாம் போடும் மூளையான பிராசஸரின் வெப்பம் நூறு டிகிரியை நெருங்கினால், தான் கருகிவிடாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டை வெளியேற்ற வேண்டியது ஃபேன். ஃபேன் உள்ளே இழுப்பது அறைக்காற்றைத்தான். அந்தக் காற்றே 38 டிகிரி என்றால் அது எதைக் குளிர்விக்கும்? காலையும் மதியமும் வேகத்தில் வித்தியாசம் தெரிந்தால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல் விழ வேண்டும். எந்நேரமும் ஒரேமாதிரி மெதுவாக இருந்தால், பழைய சுழல் ஹார்ட் டிஸ்க், போதாத ராம் (தற்காலிக நினைவகம்) என்று வேறு காரணம் தேடலாம். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்புச் சில்லு) போடுவதைப்போலப் பழைய லேப்டாப்புக்கு உயிர் தரும் செலவு வேறில்லை.

பெரும்பாலான லேப்டாப்புகள் காற்றை அடிப்பக்கத்திலிருந்து இழுக்கின்றன. மெத்தை, தலையணை, மடித்த போர்வை மேல் வைத்தால் மூக்கைப் பொத்திய கதைதான். பத்தமடைப் பாயில் உட்கார்ந்து வேலை பார்ப்பது உடம்புக்குச் சுகம், லேப்டாப்பை நேராகப் பாயில் வைப்பது அதற்குச் சுகமில்லை. ஒரு மணைப்பலகை போதும். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை அண்டக்கொடுத்து ஒரு விரல் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கூலிங் பேட் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம். மேசை ஃபேனைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதும் பலன் தரும்.

அடுத்தது தூசி. ஆடிக் காற்றில் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மண் எங்கே போகிறது என்று அங்குள்ளவர்களைக் கேட்க வேண்டாம், லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தெரியும். இரும்பு ஆக்சைடால் சிவந்த அந்தப் பொடி, ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டு இடுக்குகளில் நூலோடும் முடியோடும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருக்கும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், சுளகில் இருந்து பறக்கும் புகையிலைத் தூளும் சேரும். வேலை நடக்கும் அறையிலேயே லேப்டாப்பும் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மற்ற வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு.

சுத்தம் செய்யக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே மற்ற வேலை.

2. ஊதுகுழாயால் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைப் பல்குத்தியாலோ விரலாலோ பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும்.

3. வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தாக்கக்கூடும்.

4. வாங்கி மூன்றாண்டு தாண்டிய பெட்டி என்றால், பிராசஸருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதையும் மாற்றச் சொல்லுங்கள். மூடியை மட்டும் திறந்து ஊதிவிட்டுக் கொடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

கரண்ட்: பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

லோ வோல்டேஜுக்குப் பயந்து லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் வாங்குபவர்கள் உண்டு. சார்ஜரின் முதுகில் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட்வரை என்று எழுதியிருக்கும். நம் வீட்டுக்கு வர வேண்டியது 230. சாயங்காலம் 180-க்கு இறங்கினாலும் சார்ஜர் சமாளித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசருக்குப் போடும் பணம் வீண்.

பயப்பட வேண்டியது மேலே எகிறும் வோல்டேஜுக்கு, குறிப்பாக இடிக்கு. சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் இடி இடிக்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மோடத்திலிருந்து நெட்வொர்க் கேபிள் வந்தால் அதையும். எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு உறுப்பு ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். பத்து வருடத்துக்கு முன் வாங்கியது இன்று வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகவே இருக்கலாம்.

உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் கைவைத்தால் சுரீர் என்று இழுப்பதாகச் சொல்வார்கள். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதன் விளைவு அது. வழக்கமாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். மூன்றாம் பின்னை உடைத்துவிட்டு, அல்லது இரண்டு பின் மாற்றியில் செருகியிருந்தால் உங்கள் கை வழியாகப் போகும். (இரண்டு பின் சார்ஜரோடே வரும் லேப்டாப்புகளில் இந்தச் சிறு இழுப்பு இயல்பு.) காய்ந்த செம்மண், அதன் கீழே பாறை என்று இருக்கும் ஊர்களில் கோடையில் எர்த் வலுவிழக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கத்தைச் சில வீடுகளில் கைவிட்டுவிட்டார்கள், விட்டிருக்கக் கூடாது. இழுப்பு லேசாக இல்லாமல் உதறினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது லேப்டாப் சங்கதி இல்லை.

சாரல், கடல், வெள்ளம்

தென்காசிக்காரர்களுக்கு வெக்கை குறைவு, ஈரம் அதிகம். ஏசி காரிலிருந்து சாரலுக்குள் இறங்கியதும் கண்ணாடியில் பனி படிவதுபோல, குளிர்ந்த லேப்டாப்புக்குள்ளும் நீர் படியும். பையிலேயே அரை மணி நேரம் விட்டு எடுத்தால் போதும்.

உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர், தூத்துக்குடிக் கரையில் பகை உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். யுஎஸ்பி துளைகளிலும் பலகையிலும் படிந்த உப்புத்தூளும் அப்படித்தான், கசிந்த இடத்தில் செம்பு பச்சை பூக்கும். கடலைப் பார்த்த சன்னலடியில் மேசை போடாமல் இருப்பதும், வேலை முடிந்ததும் பைக்குள் வைப்பதும்தான் செய்யக்கூடியவை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனையோ லேப்டாப்புகள் சேற்றில் கிடந்தன. அப்போது பலர் செய்தது, வெயிலில் காயவைத்து ‘ஓடுதான்னு பாப்போம்’ என்று ஆன் செய்தது. தண்ணீரைவிட அதிகமாகக் கெடுத்தது அந்த ஆன்தான். வெள்ளநீரில் உப்பும் சாக்கடையும் கலந்திருக்கும். ஈரப் பலகையில் மின்சாரம் பாய்ந்தால் சில நிமிடத்தில் அரித்துவிடும். அரிசிக்குள் புதைப்பதும் உதவாது. அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, மாவுத்தூள் துளைகளில் அடைவதுதான் மிச்சம். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல் கொண்டுபோனால், பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிச் சில பலகைகளைக் காப்பாற்ற முடியும். பலகை போனாலும் எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகள் பெரும்பாலும் தப்பும்.

உப்பிவிட்டால்

அடையாளங்கள் மெல்ல வரும். டச்பேட் அழுந்த மறுக்கும். மூடி சரியாக மூடாது. சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடும். அடிமூடியின் ஓரம் பிளந்திருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட வேண்டும். ‘இன்னும் ஒரு செமஸ்டர் ஓடட்டும்’ என்பது இங்கே செல்லாது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவம். குப்பையிலும் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அந்தந்த நிறுவனத்தின் அங்கீகரித்த சர்வீஸ் மையத்தில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.

உப்பும்வரை காத்திராமல், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று விண்டோஸிடமே கேட்கலாம். கறுப்புத் திரையாக வரும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதை இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் எழுதி என்டர் தட்டுங்கள். ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகி, அது இருக்கும் இடமும் திரையில் வரும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, மற்றது இப்போது முழுச் சார்ஜில் நிற்பது. முதலாவது 45,000, இரண்டாவது 36,000 என்றால் 80 சதவீதம் மிஞ்சியிருக்கிறது, கவலையில்லை. 60-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

மாற்றும்போது, நிறுவனத்தின் பேட்டரிக்கும் கடையில் சொல்லும் ‘அதே குவாலிட்டி’ப் பேட்டரிக்கும் விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். மலிவானதில் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் சுற்று எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் அந்தப் பணம் போட மனமில்லை, எப்போதும் மேசையிலேயே ஒரே இடத்தில்தான் இருக்கப் போகிறது என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுவதற்குப் பல மாடல்கள் இடம் தருகின்றன. கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்தது போய்விடும், அடிக்கடி சேமித்துக்கொள்ள வேண்டியதுதான்.